சனிக்கிழமை இறங்கும் தண்ணீர்

வெர்னா ஹவுதலாவுக்குக் கவலைப்படக் காரணம் எதுவும் தேவையில்லை. காரணமும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரைப் பனியில் ஒரு பிள்ளைக்கும் நகக்கீறல்கூடப் படாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் தூக்கத்தில் எழுந்து, "கடைசி சீட்டைப் பார்த்தேனா?" என்பாள். பக்கத்தில் புருஷன் ரெய்னோ, "பார்த்த, பார்த்த, படு" என்று திரும்பிப் படுப்பான்.

இந்த வருஷம் காரணம் நிஜமாகவே வந்தது. வசந்தத்தில் ரெய்னோவுக்கு இருதய அறுவை. பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அந்த வீடோ, நிலவறை அடுப்பில் விறகு போட்டால்தான் சூடாகும். வெர்னாவால் தூக்க முடியாது. ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து வலது தோள் தேய்ந்து, சாப்பாட்டுத் தட்டைத் தூக்கவே முகம் சுளிப்பாள். ரெய்னோ சும்மா இருக்கிற ஆளா? "ரெண்டே கட்டைதான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு வண்டி விறகை இறக்கிவிடுவான். மூச்சு வாங்க அவன் படியேறி வரும்போதெல்லாம் அவள் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போடுவாள்.

அதனால்தான் கிணற்றுத் தண்ணீரால் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் வைக்க இருவரும் சம்மதித்தார்கள். வெளியே எப்படி உறைந்தாலும் பூமிக்குள் தண்ணீருக்கு ஒரு வெதுவெதுப்பு உண்டு. இயந்திரம் அதைப் பிடுங்கி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீரைப் பின்புறக் குட்டைக்குத் தள்ளிவிடும். எல்லாம் முடிவாகி, கிணற்றுக்குள் எந்தப் பம்பை இறக்குவது என்பது மட்டும் பாக்கி நின்றது.

பம்ப்காரன் டேரல் ட்ரெவாரோ, வெர்னாவின் பேருந்தில் மூன்றாம் வகுப்பு போய்வந்தவன்.

"பெரிசாவே போட்டுடலாம், மிஸஸ் ஹவுதலா. ஒன்றரை எச்.பி. என் வண்டியிலயே இருக்கு. அடுத்த திங்கக்கிழமை மாட்டிடுவேன்."

"சின்னது இல்லையா?"

"இருக்கு. வேகம் கூட்டிக் குறைச்சு, எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் உறிஞ்சும். ஆனா வரவழைக்கணும். மூணு வாரம் ஆகும்."

"பெரிசையே போடுப்பா, சனியன் விட்டுது" என்றான் ரெய்னோ.

செவ்வாய்க்கிழமை மதியம் டேரல் அந்தப் பெரிய பம்பைச் சோதனைக்காக இறக்கி ஓடவிட்டுப் பார்த்தான். தண்ணீர் மட்டம் ஒரு சாண்கூட இறங்கவில்லை. "இது கிணறு இல்ல, ஏரி!" என்று கொக்கரித்தான். ரெய்னோவுக்கு வாயெல்லாம் பல். வெர்னாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் துண்டு மடிக்கும்போதுதான் பளிச்சென்று பட்டது. அந்தச் சாலையில் இருக்கிற அத்தனை வீடும் பின்லாந்து வம்சம். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எல்லோர் வீட்டுக் கொல்லையிலும் சௌனா என்கிற ஆவிக் குளியலறை புகையும். ஆவியில் வெந்து, தலைக்கு ஊற்றி, மறுபடி வெந்து, வாளி வாளியாகக் கொட்டுவார்கள். அத்தனை கிணற்றுக்கும் ஒரே பாறை வெடிப்பிலிருந்துதான் ஊற்று. செவ்வாய்க்கிழமை பார்த்து என்ன பிரயோஜனம்?

டேரலைக் கூப்பிட்டாள். "சனிக்கிழமை சாயங்காலம் வந்து இன்னொரு தரம் ஓட்டிக் காட்டு."

"சனிக்கிழமையா! மாமனார் வீட்டு சௌனாவுக்கு நான் போகலேன்னா என்னை வெட்டிப்போட்டுடுவார்."

"அதனாலதான்டா சனிக்கிழமைங்கறேன். என் பஸ்ஸுல வாந்தி எடுத்தப்போ யாருடா துடைச்சா? வா."

"ஊரே சிரிக்கும்" என்று ரெய்னோ முணுமுணுத்தான். டேரல் வந்தான்.

பம்ப் முழங்கியது. முதலில் தண்ணீர் தடியாகக் கொட்டியது. கொல்லைதோறும் புகை எழும்ப எழும்ப மட்டம் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் குழாய் இருமி, தண்ணீரோடு காற்றையும் கக்கியது. டேரலின் முகம் செத்துவிட்டது. "ஜனவரியில இப்படி ஆனா பம்ப் நின்னுடும். வீடு உறைஞ்சுபோகும்" என்றான்.

அப்போது சாலையைக் கடந்து எதிர்வீட்டு லெம்பி வந்தாள். புருஷனை இழந்த பெண்பிள்ளை, எழுபது தாண்டியவள். உடம்பில் ஒரு துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ், தலை முழுக்க சோப்பு நுரை. அண்டை வீட்டில் உப்புக்கூடக் கேட்காத ஜாதி அது.

"வெர்னா, உங்க வீட்டுல தண்ணி வருதா?" என்றாள், ஏதோ மணி கேட்கிற மாதிரி.

ஐயோ, வெர்னாவுக்கு உயிரே போயிற்று. டேரல் ஓடிப்போய் வால்வைத் திருகித் தண்ணீரைச் சின்னப் பம்பின் அளவுக்குக் குறைத்தான். கொஞ்ச நேரத்தில் மட்டம் ஏறி, அப்படியே நின்றது. லெம்பி வெர்னாவின் சமையலறைக் குழாயில் தலையை அலசிக்கொண்டாள். காபியோடு உட்கார்ந்து, மற்ற மூவரும் பேசுவதைக் கேட்டாள்.

"சின்னதுதான் சரி. ஆனா மூணு வாரம்" என்றான் டேரல்.

"அதுவரைக்கும் நான் விறகு போடறேன். என்ன கெட்டுப்போச்சு?" என்றான் ரெய்னோ.

வெர்னாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. பெரியதைப் போட்டால் திங்கட்கிழமையோடு ரெய்னோ பிழைத்தான். எதிர்வீட்டுக் கிணறு வற்றும், நடுக்குளிரில் தன் வீடும் உறைந்துபோகும். சின்னது என்றால் மூன்று வாரம் அவன் நெஞ்சைப் பணயம் வைக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே முதல் பனி விழத் தொடங்கியிருந்தது.

"சின்னதையே வரவழை" என்றாள். லெம்பி கோப்பையை வைத்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பிப் போனாள்.

திங்கட்கிழமை விடிகிற நேரம், நிலவறையில் அடுப்புக் கதவு டணாரென்று அடித்தது. வெர்னா கையை நீட்டித் துழாவினாள். ரெய்னோ பக்கத்தில் இல்லை. "பாவி மனுஷா!" என்று அலறிக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள்.

ரெய்னோ கவிழ்த்த வாளிமேல் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தான். "ஒரு கட்டையைத் தொட விடமாட்டேங்கறா!" என்று முறையிட்டான். அடுப்பின் முன்னால், செத்துப்போன புருஷனின் கோட்டை மாட்டிக்கொண்டு லெம்பி பிர்ச் மரக் கட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"லெம்பி, நீங்க எதுக்கு…"

"மூணு வாரம்னானே அந்தப் பையன்."

"ஐயோ, உங்க வயசுக்கு இதெல்லாம்…"

லெம்பி திரும்பவில்லை. இத்தனை வருஷத்தில் புருஷனைப் பற்றி அவள் வாய் திறந்து வெர்னா கேட்டதே இல்லை.

"எங்க வீட்டுக்காரரும் ரெண்டே கட்டைதான்னு சொல்லிட்டுத்தான் கீழ இறங்கினார். நான் மேல காபி போட்டுக்கிட்டிருந்தேன்."

இன்னொரு கட்டையை எடுத்து உள்ளே போட்டாள். ரெய்னோ தலையைக் குனிந்துகொண்டான். வெர்னா காபி போட மேலே போகவில்லை. அடுப்பு நிறையும்வரை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.