நல்ல நீலம்

நேற்றுக் காலை ஆறேகால் மணி. இரும்புலியூரில் அந்த வீட்டின் முன்னறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஜன்னலோர மேசையில் மடங்கிக் கிடந்த சிறிய லென்ஸ். கண்ணாடிப் பெட்டிக்குள் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அங்கே பார்க்க எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

விங் கமாண்டர் என்றுதான் தெருவே அவரைச் சொல்லும். தாம்பரம் விமானத் தளத்தில் இளம் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு ரத்தினக் கற்களைப் படித்தார். அவற்றைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அச்சுக்குப் போகுமுன் அதைத் திருத்திக் கொடுத்தவன், பத்திரிகையில் வேலை பார்க்கும் நான். தரையிறங்கியதுமே மாணவனிடம் தப்பை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் வழக்கம் கற்களிலும் அவரை விடவில்லை. கல்லை லென்ஸில் பார்ப்பார், "போலி" என்பார். வந்தவர் அப்போதுதான் நாற்காலியை இழுத்துக்கொண்டிருப்பார்.

என் அக்கா பள்ளி ஆசிரியை. இறந்துபோன அவள் கணவர் துபாயிலிருந்து வாங்கி வந்த நீலக்கல் மோதிரத்தை, மகனின் நிச்சயதார்த்தத்தில் மருமகளுக்குப் போட நினைத்தாள். அவளை இவரிடம் அழைத்துப் போனேன்.

"பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு மாதிரி சார். நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது, பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அவர் பார்க்கும்போதே பேசிக்கொண்டிருந்தாள். "பவுடர் டப்பாக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்தாரு சார். வீட்டுல வந்து தட்டித் தட்டிப் பார்க்கிறாரு, தும்மல்தான் வருது, மோதிரம் வரல!"

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

"நல்ல நீலம்மா. ரொம்ப நல்ல நீலம்."

அக்கா சிரித்தபடி வெளியே போய்ச் செருப்பை மாட்டினாள். அவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "உள்ள கோடெல்லாம் வளைஞ்சிருக்கு. மண்ணுல விளைஞ்சதுன்னா நேரா இருக்கும். இது உலையில செஞ்ச கல்லு."

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"நீங்க சொல்லுங்க. உங்க அக்காதானே."

நானும் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்தது. விரலுக்குப் பெரிதாக இருக்கிறதென்று பெண் வீட்டார் மோதிரத்தை ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் பெண்ணின் அத்தை அதை அக்கா வீட்டு வாசலில் நின்று நீட்டினாள்.

"இன்னா டீச்சர், படிச்சவங்கன்னு நம்பினா கண்ணாடிய மாட்டி வுட்டுட்டீங்களே! எங்க வூட்டுப் பொண்ணு இன்னா அவ்ளோ இளப்பமா பூட்ச்சா?"

தெருவே கேட்டது. கல்யாணம் நடந்தது. சர்ச்சில் எடுத்த படங்களில் அக்கா ஓரமாகவே நிற்கிறாள்.

எங்கள் இருவரிடமும் அவள் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் யாருடைய கல்லையும் பார்க்கவில்லை. "விமானத்துல தப்பு பண்ணா நானும் சேர்ந்து விழுவேன், பத்திரிகைக்காரரே. இதுல உங்க அக்கா மட்டும்தான் விழுந்தாங்க" என்றார் ஒருமுறை. அக்காவிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பேசிக்கொள்வோம். கேட்டவரிடம் கல்லைப் பற்றி ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று அவர் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அதை இன்னும் அழுத்தமாக்கிக் கொடுத்தவன் நான்.

நேற்றுப் பத்து மணிக்கு அக்கா வந்தாள். லென்ஸ் அதே மேசையில் அப்படியே இருந்தது. பெட்டியின் மேல் மாலையை வைத்தபோது அவள் விரலில் அந்த மோதிரம் இருந்தது.