சாம்பாருக்கு ஒரு தூக்குவாளி

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் பார்சலுக்கு நிற்கிறேன். திருச்சி வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்தப் பயணம் முழுக்கப் பிளாஸ்டிக்கைத் தொடுவதில்லை என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸும் சின்னத் தூக்குவாளியும்.

பார்சல் கட்டும் அண்ணன் பாக்ஸில் இட்லியை அடுக்குகிறார். பிறகு, ஏற்கெனவே கட்டிக் குவித்திருக்கும் சாம்பார் கவர்களில் இரண்டை எடுத்து, கத்தரியால் முனையை வெட்டித் தூக்குவாளியில் பிழிகிறார். காலிக் கவர்கள் குப்பைக்கூடைக்குப் போகின்றன.

"அண்ணா, கவரே வேணாம்னுதானே இதக் கொண்டாந்தேன்!"

"உங்களுக்கு எங்க சார் கவர்ல குடுத்தேன்? வாளிலதான ஊத்திகினு கீறேன்?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பின்னால் ஆவி பறக்கும் அண்டாவைக் காட்டுகிறேன். "அதுலேர்ந்து நேரா ஊத்தக் கூடாதா?"

"கவர்ல இருந்தாதான் சார் எல்லாருக்கும் ஒரே அளவு. இல்லன்னா பேஜாரு."

சட்னிக் கவரை எடுத்த கை நிற்கிறது. என் முகத்தைப் பார்க்கிறார். கவரைப் போட்டுவிட்டு, கரண்டியைத் தேடி எடுத்து, பாத்திரத்திலிருந்தே சட்னியை அள்ளி இட்லிக்குப் பக்கத்தில் வைக்கிறார். ஜெயித்துவிட்டேன்.

பர்ஸை உள்ளே வைத்துவிட்டு நிமிர்கிறேன். பாக்ஸையும் தூக்குவாளியையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இறக்கி, இரண்டு முடிச்சுப் போட்டு நீட்டுகிறார்.

"ரயில்ல சிந்திடப் போவுது சார்."

அத்தனை அக்கறையாகச் சொல்பவரிடம் மறுபடி வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. வாங்கிக்கொள்கிறேன். தேங்க்ஸ் வேறு சொல்கிறேன்.