தாய்மாமன் இரத்தம்

அன்பானவர்களே, இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் நான். மூத்தவள் லீலா நன்றாகவே பிறந்தாள். அடுத்த இரண்டும் பிறந்த மறுநாளே உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, பால் குடிக்காமல் துவண்டு இறந்தன. மூணாறுப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்தில், "குலசாமிய விட்டுட்டு வேதத்துக்குப் போனாள்ல, அதான்" என்று என் காதுபடவே பேசினார்கள். பேச்சியாகப் பிறந்த நான், சாமுவேலைக் கட்டிக்கொண்டபோது ஞானஸ்நானம் பெற்று கிரேஸ் ஆனேன். அன்றோடு மறையூரில் இருக்கும் என் ஒரே அண்ணன் முத்தையா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

1974-இல் மறுபடி உண்டானேன். சந்தோஷமே வரவில்லை. கொழுந்து கிள்ளும்போதும் பயம். "ஆண்டவரே, இதையும் எடுப்பதானால் என்னையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்" என்றுதான் ஜெபித்தேன்.

ஏழாம் மாதம், மலைக்குக் கீழே உள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மலையாளத்து டாக்டரம்மா எங்கள் இருவரின் இரத்தத்தையும் சோதித்தார். என்னுடையது நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ். பிள்ளைகள் அப்பனின் இரத்தத்தைக் கொண்டிருந்தன. மூத்தவளின் பிரசவத்தில் அந்த இரத்தம் எனக்குள் கலந்ததிலிருந்து, என் உடம்பு அதை எதிரியாக எண்ணி அடுத்த பிள்ளைகளின் இரத்தத்தை அழித்திருக்கிறது.

"சாபமொன்னும் இல்லை, கேட்டோ? பிறந்த உடனே பிள்ளையோட ரத்தத்தை மாத்தணும். நெகட்டிவ் ரத்தம் கிடைக்கறது கஷ்டம். கூடப் பிறந்தவங்க உண்டோ?"

சாபம் இல்லை என்ற சொல்லைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

கணவர் மறையூருக்கு பஸ் ஏறினார். அண்ணன் வெல்லத்துக்குக் கரும்புச்சாறு காய்ச்சிக்கொண்டிருந்தானாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்புப் பக்கமே திரும்பிவிட்டானாம். அன்றுமுதல் என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, என் அண்ணன் மனதைத் தொடும்."

பிள்ளையை முன்கூட்டியே பிறக்கவைக்க டாக்டரம்மா நாள் குறித்தார். அதையும் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினோம். பதில் இல்லை.

அந்த நாளும் வந்தது. வலியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வார்டு வாசலில் அண்ணன் நிற்கிறான்!

"அண்ணே..."

"அழாத பேச்சி. எம் மருமகப்பிள்ளைக்கு நான் குடுக்காம வேற யாரு குடுப்பா?"

பிறகு டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "நான் முருகனக் கும்புடுறவன். எம் ரத்தம் வேதக்காரப் பிள்ளைக்குச் சேருமா?"

டாக்டரம்மா சிரித்தார். "ரெண்டு பேரும் ஒரே அம்மை பெத்ததல்லே?"

சோதித்தார்கள். அவனுடையதும் நெகட்டிவ்தான்; சேர்ந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம்!

ஆண் குழந்தை. பிறந்த கொஞ்ச நேரத்திலேயே மஞ்சள் ஏறத் தொடங்கியது. தொப்புள்கொடி வழியாகப் பழைய இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து, அண்ணனின் இரத்தத்தை ஏற்றினார்கள். வெளியே பெஞ்சில் என் கணவரும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் வழியில் வேண்டிக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் மஞ்சள் இறங்கியது. பிள்ளை வாய் வைத்துப் பால் குடித்தான். அந்த நிமிடத்தை என்னால் சொல்லி முடிக்க முடியாது.

அவனுக்கு யோசேப்பு என்று பெயர் வைத்தோம்; இன்று பள்ளிக்கூடம் போகிறான். அண்ணன் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வருகிறான், முருகன் கோயிலுக்கும் போகிறான். அவனுக்காக நான் ஜெபிக்காத நாளில்லை. லயத்தில் யார் உண்டானாலும் அவளோடு முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். பிறகு இரத்தம் சோதிக்க நானே கூட்டிப்போகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களே, உங்களைச் சபிக்கப்பட்டவர்கள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். பகைத்துப் போன மனிதர்களைக்கொண்டும் அவர் உதவி அனுப்புவார். எனக்கு அனுப்பினார்.