நீர்கொழும்புக்காரன் சட்டைப் பொத்தான்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் குப்பன் என்றால் யாருக்கும் தெரியாது. கேள்விக் குப்பன் என்று சொல்ல வேண்டும். மீஞ்சூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவரிடம், "இந்த ரயிலு கல்கத்தா போனா ராவுல எங்க தூங்கும்?" என்று கேட்டு, பின்னால் வரிசையில் நின்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். நாற்பது வயது, இரண்டு பெண்கள், ஒரு படகு, ஒரு வலை. வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

அறுபத்தெட்டு ஜனவரியில், முகத்துவாரத்துக்கு வெளியே பாய்மரம் முறிந்த படகு ஒன்று மிதப்பதை முதலில் பார்த்ததும் அவன்தான். வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய் இழுத்து வந்தான். உள்ளே உதடு வெடித்துக் கிடந்த ஆளுக்குத் தண்ணீர் ஊட்டினான். அந்த மனுஷன் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை; அதற்குள், "இன்னா ஊருபா உன்னுது?" என்றான்.

சிலோனில் நீர்கொழும்பு. பெயர் மார்சல். திரிகோணமலைப் பக்கம் தொழிலுக்கு வந்தவனைக் காற்று ஒன்பது நாள் அடித்து இங்கே தள்ளியிருக்கிறது. போலீஸ்காரர்கள் வந்து எழுதிக்கொண்டு, மேலிடத்துக் கடிதம் வரும்வரை குப்பத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். குப்பனுக்கு வேறென்ன வேண்டும்! உங்கள் ஊரில் இறாலுக்கு எந்த வலை, உப்புத் தண்ணி எப்போது ஏறும் என்று பாவம், அந்த ஆளைத் துளைத்தெடுத்தான். "அவரைத் துன்னவாவது உடுய்யா!" என்று சத்தம் போட்டாள் மனைவி அங்காளம்மாள்.

அப்படிக் கேட்டதில்தான் அந்தச் சேதி வெளியே வந்தது. நீர்கொழும்பிலும் ஒரு ஏரி. அங்கேயும் வலை கட்டும் இடத்தைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பார்களாம்! குப்பன் எழுந்தே நின்றுவிட்டான். இவன் குப்பத்திலும் அதே வழக்கம். வருஷத்துக்கு ஒருநாள், ஆளுக்கொரு அடையாளப் பொருளைப் பானையில் போடுவார்கள். ஒருவனுக்குச் சோழி, ஒருவனுக்கு ஆணி, குப்பனுக்கு ஓட்டைச் சங்கு. ஊர்த் தலைவர் பெரியதனம் சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். முதலில் வருகிறவனுக்கு முகத்துவாரம், கடைசியில் வருகிறவனுக்குச் சேறு. பானையில் பொருள் இல்லாதவனுக்கு அந்த வருஷம் ஏரியில் இடமே இல்லை.

அந்த வருஷம் சீட்டு நாள் பிப்ரவரி நாலு, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மார்சல் முகம் செத்துக் கிடந்தது. குப்பன் விடுவானா?

"இண்டைக்கு எங்கட நாட்டுச் சுதந்திர தினம் அண்ணை. இருபது வருசம். பூசை முடிஞ்சு கொடியேத்தி, எல்லாரும் பாற்சோறு சாப்பிடுவினம். நான் மட்டும் இஞ்ச சும்மா குந்திக்கொண்டு இருக்கிறன்."

அங்காளம்மாள் பாலை அடுப்பில் ஏற்றினாள். குப்பன் அவன் கையைப் பிடித்துச் சீட்டு போடும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். "பெரியதனம், இன்னிக்கு இவங்க நாட்டுக்குத் திருநாளு. இவரு பேர்லயும் ஒண்ணு பானையில உழட்டும்."

சடையப்பன் முறைத்தார். "அசலூரான் பொருளு உள்ள போனா, உன்னுது வெளிய வரணும். சம்மதமா?"

கூட்டம் சிரித்தது. கடிதம் வந்ததும் போகப்போகிறவனுக்காக ஒரு வருஷப் பிழைப்பை எவனாவது விடுவானா? மார்சல் வேண்டாம் வேண்டாம் என்று கையை உதறினான். குப்பன் பானையிலிருந்து தன் சங்கை எடுத்து மடியில் முடிந்துகொண்டான். மார்சலின் சட்டைப் பொத்தானைப் பிய்த்து உள்ளே போட்டான்.

கடைசியாக வந்தது அந்தப் பொத்தான்தான். சேறு! ஆனாலும் மார்சல் அதில் இறங்கி, பதிமூன்று நாள் வலை போட்டு, பாடிக்கொண்டே மீன் பிடித்தான். கடிதம் வந்து அவன் கிளம்பிய அன்றே அந்த இடமும் பொதுவுக்குப் போனது. அந்த வருஷம் முழுக்கக் குப்பன் அடுத்தவன் படகில் கூலிக்குத் துடுப்புப் போட்டான். "போச்சா? திருநாளு கொண்டாடினியே!" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். அங்காளம்மாள் திட்டாத நாள் இல்லை. அவனுக்கும் உள்ளுக்குள் வலித்தது. போன வருஷம் தான் வலை கட்டிய இடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வான்.

செப்டம்பரில் சிலோன் தபால்தலை ஒட்டிய கடிதம் வந்தது. தபால்காரர் வீரராகவன் சீட்டு போடும் இடத்திலேயே நின்று எல்லாரும் கேட்கப் படித்தார்.

"அண்ணை, ஆகஸ்டு பதினைந்து உங்கட சுதந்திர தினம் எண்டு இஞ்ச எல்லாருக்கும் சொன்னன். அண்டைக்கு எங்கட ஏரியில் புதுச் சீட்டு. உங்கட பேரை எழுதிப் போட்டம். ஒருத்தரும் மறுக்கேல்லை. மூண்டாவது இடம் விழுந்தது. வருசம் முழுக்க அது உங்கட இடம். நான்தான் உங்களுக்காக வலை கட்டுறன். முதல் நாள் மீனை வித்துக் கோயிலடியில் பாற்சோறு குடுத்தம். குப்பன் ஆர், எப்பிடி இருப்பார் எண்டு ஊரே கேக்குது."

குப்பன் மூக்கை உறிஞ்சினான். "எல்லாம் எழுதினான். இன்னா மீனு உழுந்துதுன்னு எழுதலியே, பாவி!" என்றான்.

சடையப்பன் எழுந்து வீட்டுக்குள் போனார். சீட்டுப் பானையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார். சீட்டுக்கு இன்னும் நாலைந்து மாதம் இருந்தது.

"அந்தப் பொத்தானு வச்சிகினு கீறியாடா?"

"கீது."

"எத்தா. உன் சங்கையும் எத்தா. ரெண்டும் இதுலயே கெடக்கட்டும்."

ஏன் என்று குப்பன் கேட்கவில்லை. வீட்டைப் பார்த்து ஓடினான்.