ரஸ்ஸல் டுவைனிங்கின் பதினொரு மாதக் கிளை

ரஸ்ஸல் டுவைனிங்குக்கு அறுபத்தொரு வயது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துபோகும் நரம்பு நோய். தினமும் காலையில் விரிகுடாக் கரை ஊரான செயின்ட் ஹெலன்ஸிலிருந்த அவர் வீட்டுக்குப் போய், குளிப்பாட்டி, உணவூட்டி, புரட்டிப் படுக்கவைப்பது நர்ஸான என் வேலை. நான் போகத் தொடங்கியபோது வலது கையில் மூன்று விரல்கள் அசைந்தன.

விரிகுடாவின் சிப்பிப் பண்ணைக்காரர்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேரை அவரும் ப்ரீ கால்டர் என்ற பெண்ணும் எழுதினார்கள். மழை பெய்தால் ஓடைகள் அழுக்கை விரிகுடாவில் கொண்டுவந்து கொட்டும், சிப்பி கெட்டுவிடும்; அறுவடையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அது சொல்லும். ரஸ்ஸல் மெல்பர்னில் பெரிய கம்பெனியில் இருபது வருடம் இருந்தவர். அங்கிருந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவந்திருந்தார். அவரவர் தனி நகலில், கிளை என்பார்கள், வேலை செய்ய வேண்டும். முழுதாக முடித்து, மற்றவர் பார்த்துச் சரி என்ற பிறகே பண்ணைகளில் ஓடும் மூலப் பிரதியில் சேர்க்கலாம். அதற்குப் பெயர் மெயின்.

அவர் கிளையில் இருந்தது, ஓடைக்கு ஓடை மழையைத் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி. அது வந்தால் அறுவடையை நிறுத்தி மொத்த விரிகுடாவையும் மூட வேண்டியிருக்காது. தான் போவதற்குள் அது மெயினில் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆசை. ஆனாலும், “பாதி வேலைய உள்ள விடக்கூடாது சிஸ்டர்” என்று பதினொரு மாதம் வைத்திருந்தார். ஜூலையில் கடைசி விரலும் நின்றது. ப்ரீயை வரச் சொன்னார்.

அவள் பண்ணையிலும் வேலை பார்ப்பவள். செவ்வாய்க்கிழமை சேற்று பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, மடிக்கணினியோடு கட்டிலருகே உட்கார்ந்தாள். அவர் கிளையையும் மெயினையும் இணைத்துப் பார்த்ததும் திரை முழுக்கச் சிவப்பு.

“இருநூத்திப் பதினாலு எடத்துல முட்டுது, ரஸ். ஒரே வரிய நீ ஒரு மாதிரி மாத்திருக்க, நான் ஒரு மாதிரி.”

“எனக்குக் காட்டாம மெயின்ல கை வச்சியா?” அவர் பேச்சு குழறும். பழகிய எங்களுக்குப் புரியும்.

“காட்டுனேன். மார்ச்சுலேர்ந்து நீ ஒண்ணையும் பாக்கல. பண்ணைக்காரன் போன்ல கத்துறான், நான் ஒன் கையெழுத்துக்கு உக்காந்திருக்கணுமா? இருக்கறதே ரெண்டு பேரு. இதுல மெல்பர்ன் சட்டம் வேற.”

“ஒரு நாளைக்கு ஒரு மணி நேரந்தான் கை ஓடுச்சு. அத என் வேலைக்கே வச்சுக்கிட்டேன்.”

“அதச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்னய்யா, முண்டம்?”

புரையேறாமலிருக்கக் கெட்டியாக்கிய தண்ணீரை அவருக்கு இரண்டு ஸ்பூன் கொடுத்தேன்.

“முட்டற எடத்துலல்லாம் என்னோடத வை,” என்றார்.

“வச்சு? விரிகுடாவத் தப்பாத் தொறக்கச் சொல்லிச்சுன்னா எவனாவது கெட்ட சிப்பியத் தின்னுட்டுக் கெடப்பான். எது எதுக்குன்னு சொல்லு, ஒவ்வொண்ணாச் சேக்கறேன்.”

மூன்று காலை முயன்றார்கள். பத்து நிமிடத்தில் அவர் குரல் போய்விடும், நான் நிறுத்திவிடுவேன். பல இடங்களில், தான் எழுதியது எதற்கென்று அவருக்கே நினைவில்லை. வியாழக்கிழமைவரை முடிந்தது முப்பத்தொரு இடம்.

“விடு,” என்றார். “மழைமானியப் படிக்கற துண்டு தனியா நிக்கும். அத மட்டும் எடு.”

நாற்பது வரி. அன்றே சேர்த்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். பார்த்தார்.

அடுத்த புதன்கிழமை நெஞ்சில் சளி கட்டி இறந்தார். மருத்துவக் கட்டிலையும் அவரைத் தூக்கும் கருவியையும் திருப்பி அனுப்பினேன்.

அடக்கத்தில் ப்ரீ கேட்டாள்: “மிச்சத்தப் பத்தி ஏதாவது சொன்னானா சிஸ்டர்?”

“இல்லம்மா. இடது பக்கம் புரட்டச் சொன்னார்.”

இப்போது அவள், அன்றன்று எழுதியதை அரைகுறையானாலும் அன்றே மெயினில் சேர்க்கிறாள், பண்ணைகளில் இயங்காதபடி அணைத்துவைத்து. மழை பெய்தால் இன்னும் விரிகுடா முழுவதையும்தான் மூடுகிறார்கள்.