கண்ணாடி அலுமாரியில் ஒரு பந்து

வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய வண்ணப் பந்து அது. ஓர் ஓவியர் வடிவமைத்தது. கொஞ்சம்தான் செய்தார்களாம், விளையாட அல்ல, சேர்த்து வைக்க. தர்மபுரத்தில் தனியாக வாழும் நான் அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தேன்.

மாலையில் என்னோடு தேநீர் குடிக்க வரும் ஒரே ஆள் செல்வம். எங்கள் ஊர் உதைபந்து அணியின் பழைய கோல் கீப்பர். போர்க்காலச் செல்லடியில் காலொன்றை இழந்தவன்.

"ஒருக்கா கையில தா மச்சான்."

"வேண்டாமடா, விரல் பட்டா பழுதாப்போயிடும்."

"காலால அடிக்கமாட்டன், பயப்பிடாத" என்று சிரித்தான். நானும் சிரித்தேன், கொடுக்கவில்லை. அதன்பின் அவன் வரவில்லை.

அவன் உட்காரும் கதிரை வெறுமையாய்க் கிடப்பதைப் பார்த்திருக்க முடியாமல், ஒருநாள் பந்தோடு அவன் வீட்டுக்குப் போனேன்.

"இந்தா, பிடி."

வாங்குமுன் இரண்டு உள்ளங்கைகளையும் உடுத்தியிருந்த சாரத்தில் அழுத்தித் துடைத்தான். அந்தக் கைகள் அழுக்கென்று அவனுக்குச் சொன்னவன் நான்தான்.