நூறு மூச்சுக்கு ஒரு இழுப்பு

சாமியார் செபத்தின் கடைசி வரியை இன்னும் முடிக்கவில்லை. ஜேசுபாதம் ‘ஆமென்’ சொல்லிவிட்டார். ஞாயிறு தவறாமல் நடப்பதுதான். முன்வரிசைப் பிள்ளைகள் இதற்கென்றே காத்திருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுவார். பள்ளிக்கூட வேனின் ஹாரன் கேட்குமுன் கதவைத் திறந்துகொண்டு நிற்பார். ஒரு மே மாத விடுமுறையில், “வேன் வந்துட்டு, ஹாரன் அடிக்கான் பாரு” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியும்விட்டார். தெருவில் ஒரு நாய்தான் படுத்திருந்தது. மனைவி ஜெயஷீலா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகும் படகு ஒன்றில் கயிறு பிடிப்பது அவர் வேலை. கடலில் இறங்குகிறவன் ஜெயஷீலாவின் தம்பி பெனிஸ்டன். படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து நீளமான டியூப் வழியாக அவனுக்குக் காற்று போகும். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை ஜேசுபாதத்தின் இடது கையில் இருக்கும். படகையும் கம்ப்ரசரையும் சுடலைராஜ் பார்த்துக்கொள்வான். அடியில் கிடக்கிறவனுக்கு அந்தக் கயிறுதான் வாய். ஒரு இழுப்பு என்றால் சுகமாக இருக்கிறேன், மூன்று என்றால் தூக்கு. நேரத்துக்கு ஒன்றுமே வராவிட்டாலும் தூக்கிவிட வேண்டும்.

பெனிஸ்டன் மூச்சை எண்ணுகிறவன். நூறு மூச்சுக்கு ஒரு இழுப்பு. மேலே அது ஏழு நிமிடம், பிசகாது. ஜேசுபாதத்தின் மணிக்கட்டில் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரம். ஏழு நெருங்கும்போது அவர் பேச்சு நின்றுவிடும். விரல் தானாகக் கயிற்றில் அழுந்தும். இழுப்பு வந்ததும் பதிலுக்கு ஒன்று இழுத்துவிட்டு, “சொகமா இருக்கான்” என்பார். “தண்ணிக்குள்ள மீன் திரும்பினாக்கூட அண்ணாச்சி கைக்குத் தெரிஞ்சிரும்” என்று சுடலைராஜ் கரையில் அளந்துவிடுவான். ஜேசுபாதமும் மறுக்கமாட்டார். புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்?

அந்தக் கைதான் போன மார்ச்சில் பொய் சொன்னது.

ஏழாவது நிமிடம். விரலில் ஒரு இழுப்பு. பதிலுக்கு இழுத்தார், “சொகமா இருக்கான்” என்றார், சுடலைராஜ் நீட்டிய டீயையும் வாங்கிக்கொண்டார். பாதி டீ குடிப்பதற்குள் படகிலிருந்து பத்தடி தள்ளி பெனிஸ்டன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான், மூக்கிலும் வாயிலும் ரத்தத்தோடு. டியூப் பாறையிடுக்கில் மடங்கி, காற்று அறுந்து, இரண்டு கையாலும் அதை உருவப் போராடியிருக்கிறான். கடைசியில் அடியில் நிற்பதற்காக இடுப்பில் கட்டிய ஈயக்கட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே வந்திருக்கிறான். படகில் தூக்கிப் போட்டதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “நான் இழுக்கவே இல்லயே அத்தான். நீங்க எதுக்குப் பதில் குடுத்திய?”

கேட்காத கேள்விக்கு மேலிருந்து பதில் வந்திருக்கிறது. இனி யாரும் தூக்கப்போவதில்லை என்று அந்தப் பதிலை வைத்துத்தான் அவன் தெரிந்துகொண்டிருக்கிறான்.

அலை என்று சொல்லிப் பார்த்தார். நீரோட்டம் என்று சொல்லிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பெனிஸ்டனின் காதைப் பார்த்த டாக்டரம்மாதான் நேராகச் சொன்னார்: “இந்த நேரத்துக்கு இது வரும்னு மூளை காத்துக்கிட்டே இருந்தா, அந்த நேரத்துல லேசா ஒண்ணு அசைஞ்சாலும் அதுதான்னு முடிவு கட்டிரும். அதே அசைவு வேற நேரத்துல வந்தா கண்டுக்காது.” ஜேசுபாதத்துக்கு வேன் ஞாபகம் வந்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை. ஜெயஷீலாவும் கத்தவில்லை, அழவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே, “எந்தம்பிய எறக்குறதும் நீங்கதான், ஏத்துறதும் நீங்கதான்” என்றாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பெனிஸ்டன் மறுபடி இறங்கத் தொடங்கியதும் ஜேசுபாதம் கேட்டுக்கொண்டார், “ஏலே, சொல்லிவச்சாப்ல இழுக்காத. முன்னப்பின்ன இழு.”

“எண்ணாம கீழ கெடக்க எனக்கு வராது அத்தான். கணக்கு விட்டா பயம் புடிச்சிரும்.”

இன்று காலை காற்று கொஞ்சம் கூடுதல். படகு ஒரு நிலையில் நிற்கவில்லை. மூன்றாவது இறக்கம். ஐந்து நிமிடம், ஆறு. ஜேசுபாதத்தின் முதுகில் வேர்வை. ஏழில் விரலில் ஒரு இழுப்பு.

வந்ததா? வரவழைத்துக்கொண்டதா?

“வந்துச்சாலே?” என்றார். கம்ப்ரசர் பக்கம் நின்ற சுடலைராஜ் விழித்தான். “கயிறு ஒங்க கையிலதான இருக்கு அண்ணாச்சி?”

ஜேசுபாதம் பதிலுக்கு ஒன்று இழுக்கவில்லை. இரண்டு கையாலும் கயிற்றை வாரி இழுக்கத் தொடங்கினார். சுடலைராஜும் ஓடிவந்து கைகொடுத்தான். பெனிஸ்டன் மேலே வந்த வேகத்தில் வாயிலிருந்த டியூபைத் துப்பினான்.

“இழுத்தேன்லா! ஒழுங்கா ஒரு தடவ இழுத்தேன்லா! அங்கன சங்கு கூட்டமா கெடந்துச்சு, எடம் போச்சு. இப்படித் தூக்குனா காது என்னத்துக்கு ஆகும்?”

“நீ இழுத்தியா, நானா நெனச்சேனான்னு எனக்குத் தெரியலலே” என்றார் ஜேசுபாதம். “ஏழு நிமிசமானா எங்கைய நான் நம்பமாட்டேன். வேற ஆளப் பாத்துக்க.”

பெனிஸ்டன் படகின் விளிம்பைப் பிடித்தபடி மிதந்தான். திட்ட வாயெடுத்தவன் அவர் முகத்தைப் பார்த்ததும், “நீங்களே புடிங்க அத்தான். எண்ணல, முன்னப்பின்ன இழுக்கேன்” என்றான். டியூபை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு இறங்கினான்.

ஜேசுபாதம் கடிகாரத்தைக் கழற்றி சுடலைராஜிடம் நீட்டினார். “நேரத்த நீ பாரு. எங்கிட்ட சொல்லாத. எட்டு நிமிசம் நான் பதில் இழுக்காம இருந்தா மட்டும் சத்தம் குடு, தூக்கிருவோம்.” சொல்லிவிட்டு அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இடது மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

ஈயக்கட்டு தரை தட்டியிருக்குமோ இல்லையோ, கயிறு ஒருமுறை சுண்டியது. நேற்றாக இருந்தால் அலை என்று விட்டிருப்பார். பதில் இழுத்தார். கொஞ்ச நேரத்திலேயே இன்னொன்று. அதற்கும் இழுத்தார். பிறகு நீளமாக ஒன்றுமே இல்லை. எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. பின்னால் சுடலைராஜ் வாயைத் திறக்கவில்லை. கீழே ஒருவன் எண்ணாமல் கிடக்கிறான்.

கயிறு சுண்டியது. ஜேசுபாதம் கண்ணை மூடிக்கொண்டு, பதிலுக்கு ஒன்று இழுத்தார்.